வண்டல் காத்த காசுகள்

வெள்ளம் வடிந்த வயலில் இறங்கினால் கணுக்கால் வரை மென்சேறு ஏறும். காய்ந்தபின் அது விரற்கடை அளவுள்ள வண்டற் படலமாக நிற்கும். அதன்கீழே முந்தைய வெள்ளத்தின் படலம். அதற்கும் கீழே பாட்டன் காலத்து வெள்ளம். ஆற்றோர நிலம் இவ்வாறு ஏடு ஏடாக அடுக்கப்பட்ட சுவடி. அதனுள் ஒரு பழங்காசு கிடந்தால், அது எந்த ஏட்டில் கிடக்கிறது என்பது காசைவிடப் பெரிய செய்தி.

ஓடும் நீர் தான் சுமப்பவற்றை எடையறிந்து பிரிக்கிறது. மணலின் அடர்த்தி நீரினும் ஏறத்தாழ 2.65 மடங்கு, செம்பின் அடர்த்தி 8.9 மடங்கு, வெள்ளி 10.5 மடங்கு, பொன் 19.3 மடங்கு. ஆகவே நீரின் விசை தளரும் இடத்தில் காசு முந்தித் தங்கும். ஆற்றின் உள்வளைவிலும் பாறையின் மறைவிலும் கூழாங்கற்களோடு சேர்ந்து கிடக்கும். கரைக்கு அப்பாலுள்ள தாழ்நிலத்திலோ நீர் தேங்கி நிற்கும். நுண்வண்டல் மெல்லப் படியும். காசை அசைக்காமல் மூடும். ஆற்றுப்படுகை காசை இடம்பெயர்க்கிறது; வெள்ளச் சமவெளி அதை இருந்த இடத்திலேயே காக்கிறது.

மண்ணைக் கிளறாமல் அக்காசை உணர ஒரு கருவி உண்டு. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்தூண்டற் கருவியோடு வந்தார். குண்டு இருந்த இடம் புலப்படவில்லை. படுக்கையின் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர். இன்றைய உலோகம் காணும் கருவியும் அதே நெறியில்தான் இயங்குகிறது. அதன் அடியிலுள்ள வட்டச் சுருளில் திசை மாறிமாறி மின்னோட்டம் பாய்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அது காசைத் தொட்டதும் காசினுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தமக்கென ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அந்த மறுமொழியைக் கருவி ஒலியாக்கித் தருகிறது. மின்னை எளிதிற் கடத்தும் வெள்ளிக்கும் செம்புக்கும் ஒரு குரல். காந்தம் கவரும் இரும்பாணிக்கு வேறு குரல். பழகிய செவி இரண்டையும் பிரித்தறியும்.

ஆழம் கூடினால் அக்குரல் விரைந்து தேயும். சுருளின் அளவை நன்கு கடந்த ஆழத்தில், தொலைவு இரட்டித்தால் மறுமொழி ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகிவிடும். ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குக் கீழே கிடக்கும் தனிக்காசு பெரும்பாலும் அகப்படாது. ஈரமும் இடர் செய்யும். நன்னீரால் பெருந்தடை இல்லை. உப்புக் கரைந்த ஈரம் தானே மின்னைக் கடத்திப் பொய்க்குரல் எழுப்பும். வண்டலில் கலந்த இரும்புத்தாதும் அவ்வாறே. ஆதலால் தேடுவோர் முதலில் வெறும் மண்மேல் கருவியைப் பிடித்து, அந்நிலத்தின் இயல்புக்கேற்ப அதைச் சமன்செய்துகொள்வர்.

காற்றுப் புகாத களிமண்ணில் செப்புக்காசு நெடுங்காலம் எழுத்தழியாமல் கிடக்கும். நனைந்து நனைந்து உலரும் மண்ணில் உப்பும் காற்றும் அதை அரிக்கும். எடுத்தபின் வெளிர்பச்சைத் தூள் உதிருமாயின், உள்ளே தங்கிய குளோரைடு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அக்காசைப் புளியிட்டு விளக்கினால் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும்.

இங்கிலாந்தின் சமர்செட் மாவட்டம் வெள்ளத்தோடு வாழப் பழகிய பகுதி. அதன் தாழ்நிலங்கள் 2013-14 குளிர்காலத்தில் பல வாரங்கள் நீரில் மூழ்கிக் கிடந்தன. அத்தாழ்நில விளிம்பிலுள்ள சாப்விக் என்னும் ஊரில் 1998இல் உறவினர் இருவர் உலோகம் காணும் கருவியால் 9,238 உரோமானிய வெள்ளிக்காசுகளைக் கண்டனர். இடம் தெரிந்திருந்ததால் அறிஞர் அந்நிலத்தை அளந்தறிந்தனர். அதுவரை எவரும் அறியாத உரோமானிய மாளிகையொன்று வெளிப்பட்டது. காசுகள் கிடந்தது அதன் ஓர் அறையின் மூலையில்.

அதே மாவட்டத்தில், புரூம் நகரின் அருகே, 2010 ஏப்ரலில் டேவ் கிறிஸ்ப் என்பவர் ஒரு பானையின் வாயைக் கண்டார். உள்ளே காசுகள். தொடர்ந்து தோண்டாமல் குழியை மூடிவிட்டு அறிஞர்க்குச் சொன்னார். அகழ்ந்தோர் பானையை அப்படியே தூக்காமல், காசுகளை அடுக்கடுக்காக எடுத்துத் தனித்தனிப் பைகளிலிட்டனர். மொத்தம் 52,503 காசுகள். எடை ஏறத்தாழ 160 கிலோ. காலத்தாற் பிந்திய கரௌசியசு மன்னனின் காசுகள் மேலே இல்லாமல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் கிடந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியலாயின் பிந்தியவை மேலேயன்றோ இருக்கும்? ஒரே முறையில் கொட்டி நிரப்பப்பட்டது என்பதற்கு அந்த அடுக்கே சான்றாயிற்று. கையால் அள்ளி எடுத்திருந்தால் இந்த உண்மை அன்றே அழிந்திருக்கும்.

நம் கரூரின் ஆன்பொருநை, இன்றைய அமராவதி, இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அவ்வாற்று மணலிலிருந்து சங்ககாலச் சேரர் காசுகளும் உரோமானியக் காசுகளும் பல கிடைத்துள்ளன. மன்னன் தலையும் தமிழி எழுத்தும் பொறித்த, சேரன் மாக்கோதையின் வெள்ளிக்காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி உலகறியச் செய்தார். பெயர் பொறித்திருந்தமையால் அது தன் வரலாற்றைத் தானே சொன்னது. எழுத்தில்லாத காசுகளுக்கு அந்தப் பேறில்லை. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எவருடைய பொருளோடு கிடந்தவை என்பதை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

வெள்ளம் செய்ததை நாம் தடுக்க இயலாது. மண்வெட்டி செய்வதைத் தடுக்க இயலும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டப்படி, பத்து உரூபாவிற்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏர்முனையில் ஒரு காசு தட்டுப்பட்டால், அங்கேயே நிறுத்துங்கள். தேய்க்காதீர்கள், ஆழத் தோண்டாதீர்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு ஆட்சியர்க்கு அறிவியுங்கள்.