கடற்கரையில் நிற்கும் விமானம்

விசாகப்பட்டினம் ஆந்திர மாநிலத்தில் உள்ள பெரிய துறைமுக நகரம். அங்கே கடலை ஒட்டி ஒரு நீண்ட சாலை போகிறது. அந்தச் சாலையின் ஒரு பக்கம் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு பெரிய விமானம் நிற்கிறது.

தண்ணீருக்கு அடியில் ஓடிய கப்பல் இப்போது தரையில் இருக்கிறது. வானத்தில் பறந்த விமானமும் தரையில் இருக்கிறது. இரண்டும் அருங்காட்சியகங்கள் ஆகிவிட்டன.

அருங்காட்சியகம் என்றால் என்ன? காண்பதற்கு அரிய பொருள்களைப் பாதுகாத்து, மக்களுக்குக் காட்டும் இடம். பழைய சிலைகள், நாணயங்கள் மட்டும்தான் அங்கே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு விமானமே அருங்காட்சியகமாக இருக்கலாம். அதன் வயிற்றுக்குள் ஏறிப் பார்க்கலாம்.

இந்த விமானத்தின் பெயர் டியு-142. இது எங்கிருந்து வந்தது? என்ன வேலை செய்தது?

அரக்கோணத்தில் இருந்து வந்த விமானம்

நம் நாட்டுக் கடற்படை 1988ஆம் ஆண்டில் சோவியத் நாட்டிலிருந்து எட்டு டியு-142 விமானங்களை வாங்கியது. அவை முதலில் கோவாவில் இருந்தன. 1992இல் தமிழ்நாட்டில் அரக்கோணத்துக்கு அருகே கடற்படையின் விமானத் தளம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. டியு-142 விமானங்கள் அங்கே மாற்றப்பட்டன.

அரக்கோணம் கடற்கரை ஊர் அல்ல. அங்கே ஏன் கடற்படை விமானம்? இந்த விமானம் மிகவும் கனமானது. அது மேலே எழும்ப நீண்ட தூரம் ஓட வேண்டும். அதற்கு நீளமான ஓடுபாதை வேண்டும். அரக்கோணத்தில் நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான ஓடுபாதை இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் சில நிமிடங்களில் விமானம் கடலுக்கு மேலே போய்விடும்.

டியு-142 விமானங்கள் 29 ஆண்டுகள் உழைத்தன. 2017 மார்ச் மாதம் அரக்கோணத்தில் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று அடுத்த மாதம் விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போனது. அதுதான் அதன் கடைசிப் பயணம். பிறகு அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார்கள். வண்டிகளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டு வந்தார்கள். மீண்டும் பூட்டி நிறுத்தினார்கள். 2017 டிசம்பர் 7ஆம் நாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இந்த அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

எவ்வளவு பெரியது?

விமானத்தின் நீளம் சுமார் 53 மீட்டர். நான்கு பேருந்துகளை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினாலும் இந்த நீளம் வராது. ஓர் இறக்கையின் நுனியிலிருந்து மறு இறக்கையின் நுனி வரை சுமார் 50 மீட்டர்.

இதற்கு நான்கு எஞ்சின்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 15,000 குதிரைத் திறன் கொண்டது. வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் 5 குதிரைத் திறன் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட 3,000 மோட்டார்கள் சேர்ந்தால்தான் இதன் ஓர் எஞ்சினுக்குச் சமம்.

ஒவ்வோர் எஞ்சினிலும் இரண்டு விசிறிகள், ஒன்றன் பின் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு விசிறிக்கும் நான்கு இலைகள். எண்ணிப் பாருங்கள். மொத்தம் 32 இலைகள்.

முன் விசிறி ஒரு பக்கம் சுற்றும். பின் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். ஏன் அப்படி? முன் விசிறி தள்ளும் காற்று நேராகப் போகாமல் சுழன்று போகும். அதனால் கொஞ்சம் சக்தி வீணாகும். பின் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றி அந்தச் சுழலை நேராக்குகிறது. வீணாகிற சக்தியும் பயன்படுகிறது.

இவ்வளவு கனம் எப்படிப் பறக்கிறது?

பட்டம் விடும் பிள்ளைகளைப் பாருங்கள். பட்டம் காற்றுக்கு எதிரே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. வருகிற காற்றைப் பட்டம் கீழே தள்ளுகிறது. காற்று பட்டத்தை மேலே தள்ளுகிறது. காற்று இல்லாத நாளில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடினால் பட்டத்தின் மேல் காற்று படுகிறது. பட்டம் எழும்புகிறது.

விமானமும் அதைத்தான் செய்கிறது. விசிறிகள் காற்றைப் பின்னால் தள்ளுகின்றன. விமானம் முன்னால் ஓடுகிறது. வேகம் கூடக் கூட இறக்கையின் மேலும் கீழும் காற்று விரைந்து பாய்கிறது. இறக்கையின் வளைவும் சாய்வும் அந்தக் காற்றைக் கீழ் நோக்கித் திருப்புகின்றன. காற்று இறக்கையை மேலே தூக்குகிறது. தூக்கும் விசை விமானத்தின் எடையைவிட அதிகமாகும்போது விமானம் தரையை விட்டு எழும்புகிறது. இதில் மந்திரம் எதுவும் இல்லை.

கடலுக்கு அடியில் என்ன ஆபத்து?

இந்த விமானத்தின் முக்கியமான வேலை நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது. நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்கு அடியில் மறைந்து வரும். மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. திடீரென்று தாக்கிவிட்டு மறைந்துவிடும்.

1971ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் நடந்தது. டிசம்பர் 9ஆம் நாள் இரவு, அரபிக் கடலில் நம் போர்க்கப்பல் குக்ரி சென்றுகொண்டிருந்தது. பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதைத் தாக்கியது. சிறிது நேரத்தில் குக்ரி மூழ்கியது. 190க்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்தார்கள்.

அதே போரின் தொடக்கத்தில் பாகிஸ்தானின் காஜி என்ற நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு அருகே மூழ்கியது. அதில் இருந்த 90க்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் தாய் இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள்.

கடலில் போர்க்கப்பல்கள் மட்டும் போவதில்லை. பெட்ரோல், உரம், கோதுமை, சமையல் எண்ணெய் ஏற்றிய கப்பல்களும் போகின்றன. கடல் வழி அடைபட்டால் வீட்டு அடுப்பு வரை பாதிக்கும். அதனால்தான் கடலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

விமானம் எப்படித் தேடியது?

கடல் நீரில் வெளிச்சம் அதிக ஆழம் போகாது. ஆனால் ஓசை வெகுதூரம் போகும். குளத்தில் குளிக்கும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் தண்ணீருக்குள் இரண்டு கற்களைத் தட்டட்டும். சற்றுத் தள்ளி மற்றொருவர் முங்கிக் கேட்கட்டும். ஓசை பக்கத்தில் கேட்பது போலத் தெளிவாகக் கேட்கும். காற்றில் ஓசை ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர் போகிறது.

நீர்மூழ்கிக் கப்பலின் எஞ்சினும் விசிறியும் ஓசை எழுப்பும். அந்த ஓசையைக் கேட்க இந்த விமானம் சிறப்பான மிதவைகளைக் கடலில் போடும். மிதவை பாராசூட்டில் தொங்கி மெதுவாக இறங்கும். கடலில் மிதக்கும். அதிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குள் இறங்கும். கம்பியின் நுனியில் ஓசையைக் கேட்கும் மைக் இருக்கும். மிதவை அந்த ஓசையை வானொலி அலையாக விமானத்துக்கு அனுப்பும்.

பல மிதவைகளைப் பல இடங்களில் போடுவார்கள். எந்த மிதவையில் ஓசை அதிகம், எதில் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதைக் கொண்டு கப்பல் இருக்கும் இடத்தைக் கணிப்பார்கள். இந்த மிதவைகளை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

இது பொறுமையான வேலை. விமானம் பத்து மணி நேரத்துக்கும் மேல் இறங்காமல் பறக்கும். பத்துப் பேருக்கும் அதிகமானவர்கள் உள்ளே இருப்பார்கள். ஒருவர் ஓட்டுவார். ஒருவர் வழி பார்ப்பார். சிலர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஓசை கேட்டபடியே இருப்பார்கள்.

கருப்புப் பெட்டி கருப்பு அல்ல

விமானத்தைப் பார்த்த பிறகு கண்காட்சிக் கூடத்தையும் பார்க்க வேண்டும். எஞ்சின், விசிறி ஆகியவற்றை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். விமானத்தின் பதிவுக் கருவியும் இருக்கிறது. இதைத்தான் கருப்புப் பெட்டி என்கிறார்கள்.

விமான விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். பெயர்தான் கருப்பு. பெட்டியின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சு. காட்டிலோ கடலிலோ விழுந்தால் எளிதில் கண்ணில் பட வேண்டும் அல்லவா? விமானம் போன வேகம், உயரம், திசை எல்லாம் அதில் பதிவாகும். விபத்து நடந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். காரணம் தெரிந்தால் அடுத்த விபத்தைத் தடுக்கலாம்.

எழுத்து காத்த உயிர்கள்

டியு-142 விமானங்கள் 29 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 30,000 மணி நேரம் பறந்தன. எல்லா நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வானத்திலேயே இருந்ததற்குச் சமம். அத்தனை காலத்திலும் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. இந்த அருங்காட்சியகம் சொல்லும் பெரிய செய்தி இதுதான்.

இது எப்படி முடிந்தது? ஓட்டியவர்களின் திறமை ஒரு காரணம். தரையில் வேலை செய்தவர்களின் கவனம் இன்னொரு காரணம்.

விமான வேலையில் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. ஒரு திருகாணியை மாற்றினாலும் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். யார் மாற்றினார், எந்த நாளில் மாற்றினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விமானி எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவராக இருந்தாலும், கிளம்பும் முன் ஒரு பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். 'எனக்கு எல்லாம் மனப்பாடம்' என்று விட்டுவிடக் கூடாது. மனிதனுக்கு மறதி உண்டு. எழுதி வைத்த தாளுக்கு மறதி இல்லை.

இந்தப் பழக்கம் விமானத்துக்கு மட்டும் உரியது அல்ல. குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நாள், மருந்து கொடுக்க வேண்டிய வேளை, கூலி வாங்கிய கணக்கு, கடன் கட்டிய தேதி ஆகியவற்றையும் எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால் ஏமாற மாட்டோம். ஆபத்தும் குறையும்.

எதிரே நிற்கும் கப்பல்

சாலையின் அந்தப் பக்கம் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலின் பெயர் குர்சுரா. இது நம் கடற்படையின் கப்பல். 1969 முதல் 2001 வரை பணி செய்தது. 2002இல் அருங்காட்சியகம் ஆனது. அதற்குள்ளும் போகலாம். வழி மிகவும் குறுகலானது. குனிந்து போக வேண்டும். வீரர்கள் எவ்வளவு சிறிய இடத்தில் படுத்தார்கள், சமைத்தார்கள் என்பது புரியும். தேடுகிற விமானத்தையும் மறைந்து ஓடுகிற கப்பலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

போகும் முன் திறக்கும் நேரம், விடுமுறை நாள், நுழைவுக் கட்டணம் ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவிப்புப் பலகைகளைப் படியுங்கள். தொடக் கூடாது என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். புரியாததைப் பணியாளர்களிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

விசாகப்பட்டினம் தூரமாக இருந்தால் கவலை இல்லை. பெங்களூரு, கோவா, டெல்லி ஆகிய நகரங்களிலும் விமான அருங்காட்சியகங்கள் உள்ளன. அந்த ஊர்களில் உறவினர் இருந்தால் போகும்போது பார்த்து வாருங்கள்.

டியு-142 ஓய்வு பெற்றுவிட்டது. ஆனால் அதன் வேலை நிற்கவில்லை. பி-8ஐ என்ற புதிய விமானங்கள் 2013இலேயே அரக்கோணத்துக்கு வந்துவிட்டன. இந்த வேலையை அவை செய்துவருகின்றன. பழைய விமானமோ இன்று எந்தக் கப்பலையும் தேடுவதில்லை. அதைத் தேடி மக்கள் வருகிறார்கள்.