சதுப்பு நிலமும் தலைநகரும்

கொழும்பை அண்டி வீடு கட்டக் காணி தேடும் அன்பர்கள் வெயிற்காலத்திற் சென்று பார்ப்பதே வழக்கம். அடைமழை நாளிற் சென்று பார்த்தாலன்றோ நிலத்தின் உண்மைக் குணம் புலப்படும்! மண் கொட்டி நிரவிய காணி காண்பதற்கு அழகாகவே இருக்கும். ஆயின், அங்கே முன்பு தேங்கி நின்ற நீர் எங்கே போயிற்று என்பதை விற்பவரும் சொல்லார், வாங்குபவரும் கேளார்.

1871ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முறையாகக் குடிசனக் கணக்கு எடுக்கப்பட்டபோது நம் தொகை ஏறத்தாழ 24 இலட்சம். 2012இல் அது 203 இலட்சத்தைத் தாண்டிற்று. அவர்களுள் 58 இலட்சம் பேர் மேல் மாகாணத்திலேயே வாழ்ந்தனர். இத்தனை பேருக்கும் இடம் வேண்டுமே! மேட்டுநிலம் தீர்ந்ததும் பள்ளநிலத்தின்மேற் கண் விழுந்தது.

பள்ளநிலம் வீணான நிலமன்று. கொழும்பின் சதுப்புக்கள் மழைநீரை உறிஞ்சித் தேக்கி, வாய்க்கால்கள் வழியே மெல்ல மெல்லக் களனி கங்கைக்கும் கடலுக்கும் விடுகின்றன. கங்கை பெருகும்போது அதன் நீர் நகருட் புகாதபடி மதகை அடைத்துவிடுவர். அவ்வேளையில் நகரில் விழும் மழைக்கும் அப்பக்கம் போக்கிடமில்லை. சதுப்புத்தான் அதனைத் தாங்க வேண்டும். 2010 நவம்பரில் ஓரிரவு கொட்டிய பெருமழையில் தியவன்னாவை நடுவிலுள்ள பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்ததை நாம் மறந்துவிடவில்லை.

திட்டம் வகுப்பாரின்றி நேர்ந்த குறையன்று இது. 1921இல் பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்பைச் சோலைநகராக்க அறிக்கை தந்தார். 1940களின் இறுதியில் அபர்குரொம்பி என்பார், தலைநகரின் நெரிசலைக் குறைக்க இரத்மலானை, ஹோமாகம, றாகம ஆகிய இடங்களில் துணை நகரங்களை அமைக்கலாமென்றார். திட்டங்கள் ஏட்டில் இருக்க, நகரம் தன் போக்கில் வளர்ந்தது.

அதன் கழிவும் வளர்ந்தது. மீதொட்டமுல்லையிற் பல்லாண்டுகளாகக் குவித்த குப்பைமேடு 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுப்படியில் நாம் ஒதுக்கிய காய்கறித் தோலும் சோற்றுப் பருக்கையும் அம்மேட்டிற் கலந்திருந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சு கூசுகின்றது.

வாய்க்காற் கரைகளிற் குடிசை போட்டவர்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றும் வேலையும் நடந்துள்ளது. வெள்ளத்தினின்று தப்பினர் என்பது மெய்யே. எனினும், வீட்டு வாயிலில் அப்பம் சுட்டு விற்றுப் பிழைத்தவள் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? வீடொன்று கொடுத்ததும் கடமை தீர்ந்ததென அதிகாரிகள் எண்ணுவது நமக்கு உடன்பாடன்று.

நல்ல செய்தியும் ஒன்றுண்டு. 2018இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரங்களென ஏற்கப்பட்ட 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்று. மீன்பிடிப் பூனை என்னும் அரிய விலங்கு இன்னும் இத்தலைநகர்ச் சதுப்புக்களில் இரவில் உலாவுகின்றது. கோட்டேப் பக்கம் செல்வோர் பிள்ளைகளைப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம். அதிகாலையிற் சென்றாற் பறவைகளைக் காணலாம்.