வீடு வாங்கும் முன் காலால் அளந்து பாருங்கள்

எமது கடையில் பத்து வருடங்களாக வேலை செய்யும் தம்பி ஒருவர் அண்மையில் ஒருநாள் கடை பூட்டும் வரை காத்திருந்து, "ஹாஜி, ஒரு மஷூரா கேக்கணும்" என்றார். தெமட்டகொடையில் வாப்பா விட்டுச் சென்ற இரண்டு அறை வீட்டை விற்றுவிட்டு, கடுவெலைக்கு அப்பால் பத்து பேர்ச்சஸ் காணி வாங்கப் போகிறாராம். முற்பணம் கொடுக்க நான்கு நாட்களே இருந்தன. காணி மலிவு, நல்ல காற்று, பிள்ளைகள் ஓடி விளையாட முற்றமும் உண்டு என்றார்.

"பஸ் போகும் வீதிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"கிட்டத்தான் ஹாஜி, த்ரீவீல்ல பத்து நிமிஷம்."

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறேன். ஏனெனில் அதற்கான விலையை நான் ஏற்கனவே கொடுத்தவன்.

2003இல் நானும் இப்படித்தான் மருதானையில் இருந்த சிறிய வீட்டை விற்று, ஹோமாகம பக்கம் உள்ளே தள்ளி ஒரு பெரிய வீட்டுக்குக் குடிபோனேன். காலையில் முச்சக்கர வண்டியில் சந்திக்கு வந்து, 138 இலக்க பஸ் பிடித்து, புறக்கோட்டை வந்து சேர இரண்டு மணித்தியாலம். திரும்பிப் போகும்போது இஷாவும் முடிந்துவிடும், பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள். என்னைவிட அதிகம் இழந்தவர் உம்மா. மருதானையில் தங்கையின் வீட்டுக்கும், மருந்துக் கடைக்கும், மய்யித்து வீட்டுக்கும் யாரையும் எதிர்பாராமல் நடந்து போய் வந்தவர், அங்கே ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஊடு பெரிசுதான் மகன், போறத்துக்குத்தான் எடமில்ல" என்று ஒருநாள் சொன்னார். நான் திரும்பி வந்தது 2009இல். அதைப் பார்க்க உம்மா இருக்கவில்லை.

தெமட்டகொடையிலும் மாளிகாவத்தையிலும் இரண்டு பேர்ச்சஸ் வீட்டில் நெருக்கிக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்துச் சிலர் பரிதாபப்படுவார்கள். அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி, தொழில், உறவினர் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. அவர்கள் விலை கொடுப்பது நிலத்துக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும்தான்.

வியாபாரிகளாகிய எமக்கு இது புதிய பாடமும் அல்ல. புறக்கோட்டை ஏன் புறக்கோட்டையானது? ஒரு பக்கம் கோட்டை புகையிரத நிலையம், பக்கத்திலேயே பஸ் நிலையங்கள், எதிர்ப்பக்கம் துறைமுகம். வெளியூர் வியாபாரி காலை ரயிலில் இறங்கி, நடந்தே குறுக்குத் தெருக்களைச் சுற்றி, விலை கேட்டு, சரக்கை லொறிக்கு ஏற்றச் சொல்லி, இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டு, மாலை ரயிலில் ஊர் திரும்பலாம். நடந்து வருபவன்தான் பத்துக் கடையைப் பார்ப்பான். வாகனத்தில் வருபவன் நிறுத்த இடமுள்ள ஒரு கடையை மட்டுமே பார்ப்பான்.

அன்றிரவே தம்பியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சந்திக்கு முச்சக்கர வண்டி ஒரு தடவைக்கு 250 ரூபா என்றார். போக வர 500, மாதம் 25 நாளைக்கு 12,500. இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல் வேன் 18,000. மொத்தம் மாதம் 30,500, வருடத்துக்கு 3,66,000. விலை இப்படியே நின்றாலும் பத்து வருடத்தில் 36 இலட்சத்து 60 ஆயிரம். பஸ் கட்டணத்தை இன்னும் சேர்க்கவில்லை. மலிவுக் காணியின் மிச்ச விலை உறுதியில் எழுதப்படுவதில்லை, தினமும் கையிலிருந்து போகிறது.

2022ஐ யாரும் மறந்திருக்க முடியாது. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டபோது, எமது கடையைத் திறந்து வைத்தவர்கள் இரண்டே வகையினர்: நடந்து வரக்கூடியவர்கள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். தொங்கிக்கொண்டாவது வந்தார்கள். மோட்டார் சைக்கிளை நம்பித் தூரத்தில் இருந்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

"மலபேக்கு இலகு ரயில் வருமாமே ஹாஜி, அப்ப கடுவெலையும் கிட்டத்தானே?" என்றார் தம்பி. ஜப்பானியக் கடனுதவியுடன் கோட்டையிலிருந்து மலபேக்குத் திட்டமிடப்பட்ட அந்த ரயிலை 2020இல் அரசாங்கம் கைவிட்டது. அதை நம்பி அப்பக்கம் கூடுதல் விலைக்குக் காணி எடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். ஓடுகின்ற ரயிலைப் பார்த்து வாங்குங்கள், வரப்போகும் ரயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவிக்குத் தூரத்தில் இருந்த பனூ ஸலிமா கோத்திரத்தார் பள்ளிக்குப் பக்கத்தில் குடியேற விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்கும்படியும், அவர்களது காலடிகள் பதியப்படுவதாகவும் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறிய செய்தியை நாம் அறிவோம். தூரத்தில் வீடு வாங்குவோர் இதை ஆதாரமாகச் சொல்வதுண்டு. ஆனால் அது நடந்து போகக்கூடிய தூரம். அங்கே பதியப்பட்டவை காலடிகள், முச்சக்கர வண்டியின் மீற்றர் அல்ல.

தம்பிக்கு நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. "திங்கட்கிழமை லீவு தாறன். சுபஹுக்குப் பிறகு அந்தக் காணியிலிருந்து கடைக்கு வந்து பாருங்க. உங்க உம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்து பாருங்க" என்றேன். அவர் வந்து சேரும்போது பத்து மணி. உம்மா பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாராம்.

முற்பணம் கொடுக்கவில்லை. இப்போது பாணந்துறைப் பக்கம், புகையிரத நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஆறு பேர்ச்சஸ் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொழும்பிலிருந்து தூரம் கூடத்தான், ஆனால் ரயில் நெரிசலில் நிற்பதில்லை; நிலையத்துக்கும் பள்ளிக்கும் கால் போதும். முற்றம் சிறியது என்று மனைவிக்குக் கொஞ்சம் கவலையாம்.

வீடு பார்க்கப் போகும்போது தரகரின் வாகனத்தில் ஏறாதீர்கள். பஸ்ஸில் போய் இறங்கி நடந்து போங்கள். முடிந்தால் மழை நாளில் போங்கள். வீட்டில் வயதான ஒருவர் இருந்தால், அவர் தனியே எங்கெல்லாம் போய் வரலாம் என்று முதலில் பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.