இந்தக் கஞ்சன் இன்னும் எத்தனை தடவை திருந்துவான்?

எச்சில் கையால் காக்கை ஓட்டாத கிழவன் ஒருவன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அவன் வீட்டுக்கு நான்கு ஆவிகள் வருகின்றன. பொழுது விடிவதற்குள் ஆள் திருந்திவிடுகிறான். அவ்வளவுதான் கதை! ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். இதை வைத்துக்கொண்டு உலகம் 180 வருடங்களாக நாடகம் போட்டிருக்கிறது, சினிமா எடுத்திருக்கிறது, ஓபரா பாடியிருக்கிறது, பொம்மைகளை ஆட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு வேற்றுக்கிரகவாசிகளின் மொழியிலும் மேடையேற்றிவிட்டது, தெரியுமா?

சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’தான் அது. கிழவன் பெயர் எபனேசர் ஸ்க்ரூஜ். ஆங்கில அகராதியில் ‘ஸ்க்ரூஜ்’ என்றாலே கஞ்சன் என்று பொருள்!

இந்தக் கஞ்சனால் ஊரெல்லாம் சம்பாதித்தது; எழுதியவர் மட்டும் கையைச் சுட்டுக்கொண்டார். ஆறே வாரத்தில் எழுதிய புத்தகம், 1843 டிசம்பர் 19-ல் கடைக்கு வந்தது. 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் காலி! சிவப்புத் துணி அட்டை, பொன் பூசிய ஓரம், கையால் வண்ணம் தீட்டிய படங்கள் என்று டிக்கன்ஸ் தன் செலவில் இழைத்து இழைத்துச் செய்திருந்தார். விலையையோ ஐந்து ஷில்லிங்குக்கு மேல் வைக்கவில்லை. 1,000 பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் பதிப்பில் கிடைத்தது சுமார் 230. அடுத்த மாதமே ஒரு மலிவுப் பத்திரிகை கதையைச் சுருட்டி இரண்டு பென்னிக்கு விற்றது. அசல் விலையில் முப்பதில் ஒரு பங்கு! டிக்கன்ஸ் கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். எதிராளிகள் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். வழக்குச் செலவு 700 பவுண்டு இவர் தலையில் விழுந்தது. திருட்டுத் தழுவலுக்கு எதிராக ஜெயித்து, புத்தக லாபத்தைப் போல மூன்று மடங்கை இழந்த எழுத்தாளர் வேறு யாராவது உண்டா!

வழக்கின் சூடு ஆறவில்லை, நாடகக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். 1844 பிப்ரவரி 5, ஒரே நாளில் லண்டனில் மூன்று மேடைகளில் மூன்று ஸ்க்ரூஜ்கள்! அந்த மாதம் முடிவதற்குள் எட்டு. அதில் டிக்கன்ஸ் சம்மதித்தது ஒன்றே ஒன்று.

சரி, தழுவியவர்களிலேயே கெட்டிக்காரர் யார் தெரியுமா? சாட்சாத் டிக்கன்ஸ்! 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் டவுன் ஹாலில் தன் கதையைத் தானே மேடையில் வாசித்துக் காட்டினார். வாசிப்பு என்றால் சும்மா வாசிப்பு அல்ல. குரலை மாற்றி, முகத்தை மாற்றி, ஒரே ஆள் ஸ்க்ரூஜாகவும் ஏழை குமாஸ்தா பாப் க்ராட்சிட்டாகவும் நொண்டிப் பிள்ளை டைனி டிம்மாகவும் நிற்பார். நம்மூர்க் கதாகாலட்சேபத்தை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். மேடைக்காகத் தன் புத்தகத்தையே பக்கம் பக்கமாகப் பிரித்து, பெரிய தாள்களில் ஒட்டி, ஈவிரக்கமில்லாமல் அடித்துத் திருத்தியிருக்கிறார். அந்தப் பிரதி இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. 1870 மார்ச் 15-ல் மேடையிலிருந்து கடைசியாக விடைபெற்றபோதும் இதைத்தான் வாசித்தார். மூன்றே மாதத்தில் ஆள் போய்விட்டார்.

இனி சினிமா. 1901! இன்னும் பேசக் கற்காத, ஏன், நடக்கவே கற்காத சினிமா. பிரிட்டனில் ராபர்ட் பால் தயாரித்து, வால்டர் பூத் இயக்கிய ‘ஸ்க்ரூஜ், ஆர் மார்லிஸ் கோஸ்ட்’தான் நமக்குத் தெரிந்த முதல் படம். பூத் அடிப்படையில் மேஜிக் நிபுணர், கேட்க வேண்டுமா? கதவைத் தட்டும் வளையத்தில் செத்துப்போன கூட்டாளி மார்லியின் முகம் மெல்லத் தோன்றும். ஒரே பிலிமில் இரண்டு தடவை படம்பிடிக்கும் வித்தை அது. மூன்று ஆவிகளுக்கு நேரமில்லை, எல்லா வேலையையும் வெள்ளைப் போர்வை போர்த்திய மார்லியே பார்த்துவிடுகிறார். இப்போது மிஞ்சியிருப்பது சுமார் மூன்றரை நிமிடம். இவ்வளவு பெரிய கதையை ஆறு நிமிடச் சொச்சத்தில் சொல்லத் துணிந்த அந்தத் தைரியத்துக்கே ஒரு கும்பிடு.

சீமோர் ஹிக்ஸ் என்று ஒரு நடிகர். 1901 முதல் மேடையில் ஸ்க்ரூஜ். 1913-ல் மௌனப் படத்தில் ஸ்க்ரூஜ். 1935-ல் பேசும் படத்திலும் அவரே! அந்தப் படத்தில் மார்லியின் ஆவி அறைக்குள் வரும்போது நம் கண்ணுக்குத் தெரியாது; குரல் மட்டும் கேட்கும். வெறும் நாற்காலியைப் பார்த்து ஹிக்ஸ் நடுங்குவார். காசு மிச்சமா, கலையா என்று கேட்காதீர்கள், பயமாகத்தான் இருக்கிறது.

1938-ல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் இதே கதையை எடுத்தபோது, லயோனல் பாரிமோர்தான் ஸ்க்ரூஜ் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வருடாவருடம் ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அமெரிக்கா கிறிஸ்துமஸ் கொண்டாடியது. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, வேஷம் ரெஜினால்ட் ஓவனுக்குப் போனது. அந்தப் படத்தில் குமாஸ்தா பாப்பாக ஜீன் லாக்ஹார்ட், அவர் மனைவியாக நிஜ மனைவி கேத்லீன், மகள்களில் ஒருத்தியாக நிஜ மகள் ஜூன்! வறுமையில் வாடும் குடும்பம் என்கிறார்கள், திரையில் எல்லோரும் நன்றாகப் புஷ்டியாக இருக்கிறார்கள். எனக்கு அந்தப் படம் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆவிகள்கூட அதில் விருந்தாளி மாதிரி வந்து போகின்றன.

பெயரில் ஸ்க்ரூஜைச் சுமக்கும் வாத்து நினைவிருக்கிறதா? தூர்தர்ஷனில் ‘டக் டேல்ஸ்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காசுக் குளத்தில் நீந்தும் கிழட்டு வாத்தை மறக்க முடியாது. டிக்கன்ஸின் கஞ்சனை மனதில் வைத்துக் கார்ல் பார்க்ஸ் அந்த அங்கிள் ஸ்க்ரூஜை வரைந்தது 1947-ல், அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் கதைக்காக. 1983-ல் டிஸ்னி ‘மிக்கீஸ் கிறிஸ்துமஸ் கேரல்’ எடுத்தபோது ஸ்க்ரூஜ் வேஷம் யாருக்கு? அதே வாத்துக்கு! பேரன் தாத்தா வேஷம் கட்டியது மாதிரி. குமாஸ்தாவாக வந்த மிக்கி மவுஸ் தியேட்டர் கார்ட்டூனில் தலைகாட்டி அப்போது முப்பது வருடம் ஆகியிருந்தது.

1970-ல் பாட்டும் கூத்துமாக வந்த ‘ஸ்க்ரூஜ்’ படத்தில் கூன் விழுந்த கிழவனாக நடித்த ஆல்பர்ட் ஃபின்னிக்கு அப்போது வயது முப்பதுகளில்தான்! புத்தகத்தில் இல்லாத ஒரு நரகக் காட்சியும் அதில் உண்டு.

கதையைத் தலைகீழாகப் புரட்டியவர்கள்? அதற்கும் ஆள் இருக்கிறது. 1988-ல் பிபிசியின் ‘பிளாக்ஆடர்ஸ் கிறிஸ்துமஸ் கேரல்’. ஊரிலேயே நல்லவன் ஒருவன், எல்லோரும் அவனைச் சுரண்டுகிறார்கள். ஆவி வந்து மூதாதையர்களின் அயோக்கியத்தனத்தைக் காட்டுகிறது. ‘அட, கெட்டவனாக இருந்தால் இவ்வளவு லாபமா!’ என்று காலையில் எழுந்து கெட்டவனாகிவிடுகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன், ஒளிவுமறைவு இல்லை. 1973-ல் மார்செல் மார்சோ தன் ஊமை அபிநயத்தில் செய்தார். 1979-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தியா மஸ்க்ரேவ் ஓபராவாக்கினார். 2007-ல் மின்னசோட்டாவில், ‘ஸ்டார் ட்ரெக்’கில் வரும் கற்பனைப் போர்வீரர்களின் க்ளிங்கான் மொழியில் முழு நாடகம்! அந்த இனத்துக்குக் கிறிஸ்துமஸும் கிடையாது, கஞ்சத்தனம் பெரிய குற்றமும் கிடையாது. அதனால் அங்கே ஸ்க்ரூஜின் பாவம் கோழைத்தனம். ஆவிகள் வந்து அவனுக்கு வீரம் ஊட்டுகின்றன. 2025-ல் குரிந்தர் சட்டாவின் ‘கிறிஸ்துமஸ் கர்மா’வில் ஸ்க்ரூஜ் யார் தெரியுமா? சிறுவயதில் உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டு லண்டனுக்கு வந்த இந்தியர், சூட்!

இத்தனைக்கும் நடுவே எனக்கு மனம் நிறைந்தது ஒரு தவளை நடித்த படத்தில். சிரிக்காதீர்கள். 1992-ன் ‘தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்’. மப்பெட் பொம்மைகளைப் படைத்த ஜிம் ஹென்சன் 1990-ல் திடீரென்று இறந்துபோனார். அப்பாவின் பொம்மைகளை வைத்து மகன் பிரையன் எடுத்த முதல் படம் இது. குமாஸ்தா பாப்பாகக் கெர்மிட் தவளை. டிக்கன்ஸாக, நீண்டு வளைந்த மூக்குள்ள கோன்ஸோ! மார்லி ஒருவர் அல்ல, இரண்டு பேர்: ஜேக்கப், ராபர்ட். ராபர்ட்டைச் செல்லமாக ‘பாப்’ என்று கூப்பிட்டுப் பாருங்கள், பாடகர் பாப் மார்லி வந்துவிடுவார்!

இந்தப் பொம்மைக் கூட்டத்துக்கு நடுவே ஸ்க்ரூஜாக மைக்கேல் கெய்ன். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடிப்பதுபோல்தான் நடிப்பேன், பொம்மையைப் பார்த்துக் கண் சிமிட்டக்கூட மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பொம்மலாட்டக்காரர்கள் கீழே நின்று கை தூக்கி ஆட்ட வேண்டும் என்பதால் செட்டில் தரையே கிடையாது. பலகைகள்மேல் கால் வைத்து, தவறினால் பள்ளம் என்ற நிலையில், கெய்ன் அந்த இறுக்கமான முகத்தைக் காப்பாற்றியிருக்கிறார். தவளை தன் பிள்ளையை நினைத்து அழும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறதே, அதற்கு அவர்தான் காரணம். அவர் நம்புகிறார், நாமும் நம்புகிறோம். இதற்கு நேரெதிர் 2009-ல் வந்த ராபர்ட் ஜெமக்கிஸின் படம். ஸ்க்ரூஜும் ஜிம் கேரி, மூன்று ஆவிகளும் ஜிம் கேரி, எல்லாம் கம்ப்யூட்டர் ஜாலம். கிழவன் வானத்தில் பறக்கிறான், சாக்கடையில் வழுக்குகிறான். ஒரு நிமிடமாவது அவன் வெட்கப்பட்டானா? ஞாபகமில்லை.

அந்த வெட்கம்தான் இந்தக் கதையின் உயிர்நாடி. அதை முகத்தில் கொண்டுவந்த ஒருவர் உண்டு: அலஸ்டேர் சிம். 1951-ன் பிரிட்டிஷ் படம், பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்கியது. இவ்வளவு இருட்டான படம் பண்டிகைக்கு ஆகாது என்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கைவிரித்துவிட்டது! ஸ்க்ரூஜ் ஏன் கல்லானான் என்பதற்குப் புத்தகத்தில் இல்லாத காரணங்களையும் இந்தப் படம் சேர்த்தது. அவனைப் பெற்றபோது தாய் இறந்தாள், அதனால் அப்பா வெறுத்தார். அதே மாதிரி அக்கா பிள்ளையைப் பெற்று இறந்தாள், அதனால் இவன் அந்தப் பிள்ளையை வெறுக்கிறான். இது டிக்கன்ஸுக்கே தோன்றியிருக்க வேண்டியது என்பேன்.

இன்னொரு ஆச்சரியம்! இருபது வருடம் கழித்து, 1971-ல், ரிச்சர்ட் வில்லியம்ஸ் எடுத்த அனிமேஷன் படத்தில் அதே சிம் மறுபடி ஸ்க்ரூஜுக்குக் குரல் கொடுத்தார். 1951-ல் மார்லியாக வந்த மைக்கேல் ஹார்டர்னே மறுபடி மார்லி! முதலில் டிவியில் வந்த படம் பிறகு தியேட்டருக்குப் போய் ஆஸ்கரையே தட்டிக்கொண்டு வந்தது. டிவியில் முதலில் காட்டிய குறும்படங்களுக்கு இனி இடமில்லை என்று அகாடமி அவசரமாக விதியை மாற்றியது. ஹார்டர்ன்? 1977-ல் பிபிசியில் அவரே ஸ்க்ரூஜ் ஆகிவிட்டார். கூட்டாளியைத் தேடி வந்த ஆவி கடைசியில் கூட்டாளியாகவே மாறிவிட்டது!

இந்த டிசம்பரில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 1951 படத்தைப் பாருங்கள். வண்ணம் ஏற்றிய பிரதி ஒன்றும் உலவுகிறது, அது வேண்டாம். கறுப்பு வெள்ளையில்தான் அந்த நிழல்கள் பேசும். கடைசியில் விடிந்ததும் சிம் சிரிக்க ஆரம்பிப்பார். சிரிக்க மறந்த ஒருவன் முதல் தடவையாகச் சிரித்துப் பார்க்கும் சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே கண்ணாடி முன் வந்து நிற்பார். அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பது கஷ்டம்தான், ஆனாலும் ஒரு நொடி அந்தக் கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள்: படப்பிடிப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் உள்ளே நிற்கிறார்!