நெறி கட்டினால் காலைப் பார்

வெள்ளவத்தைக் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கும்போது உடைந்த சிப்பி ஒன்று பாதத்தைக் கீறிவிடுகிறது. இரண்டு நாள் கழித்துத் தொடையிடுக்கில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி, தொட்டால் நோகிறது. அம்மம்மா கட்டியைப் பார்ப்பதேயில்லை. "நெறி கட்டியிருக்கு. காலில் என்ன புண்?" என்றுதான் கேட்பார். மருத்துவரும் முதலில் தேடுவது அதைத்தான்.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரின் ஒரு பகுதி, நிணநீராகத் தனிக் குழாய்கள் வழியே மீண்டும் இரத்தத்தில் போய்ச் சேர்கிறது. வழியில் அதை வடிகட்டுபவை நிணநீர்க் கணுக்கள். உடம்பில் சுமார் 600 உண்டு. பாதத்தில் புகுந்த கிருமி தொடையிடுக்குக் கணுவில் சிக்கும். அதை எதிர்க்க அங்கே வெள்ளணுக்கள் பெருகும். அந்த நெரிசல்தான் வீக்கம். கையில் புண் என்றால் அக்குளில் கட்டும். சொத்தைப் பல், தொண்டைப் புண் என்றால் தாடைக்குக் கீழே. பேன் கடித்துத் தலை புண்ணானால் பிடரியில்.

இப்படி நெறி கட்டவைக்கும் நோய்களில் ஒன்று கொள்ளைநோய் (பிளேக்). 1914இல் அது கொழும்புக்குள் நுழைந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த புறக்கோட்டையின் அரிசிக் கிட்டங்கிகள் எலிகளுக்குச் சொர்க்கம்; எலியின் தெள்ளு மனிதரையும் கடித்தது. கடி பெரும்பாலும் காலில் என்பதால், இந்நோயில் நெறி அதிகம் கட்டுவதும் தொடையிடுக்கில்தான். அத்தகைய கட்டியிலிருந்துதான் 1894இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கொள்ளைநோய்க் கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்றும் கழுத்து நெறி நாட்பட நின்றால், ஊசியால் சிறிது உறிஞ்சியோ கணுவையே வெட்டியெடுத்தோ காசநோயா, புற்றுநோயா என்று பரிசோதிக்கிறார்கள்.

கொழும்புக்குப் பழக்கமான இன்னொரு எதிரி யானைக்கால் புழு. அழுக்குநீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு பரப்பும் இந்தப் புழு, நிணநீர்க் குழாய்க்குள்ளேயே குடியிருந்து பாதையைக் கெடுக்கும். நீர் தேங்கிக் கால் வீங்கும். இலங்கையில் இது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

நோகிற நெறி பெரும்பாலும் தொற்றின் அடையாளம். புண் ஆறினால் தானும் மெல்ல வற்றும். நோவே இல்லாமல் கல்லுப்போல் இறுகி, அசைத்தாலும் அசையாமல், சில வாரங்களாக வளர்வதை விட்டுவைக்கக் கூடாது. கூடவே விடாத காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, காரணமில்லாத மெலிவு இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். காறையெலும்புக்கு மேல் எந்த நெறி கட்டினாலும் காட்டிவிடுவதே நல்லது. இடப்பக்கத்தில் கட்டுவது வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் புற்றுநோயின் தடயமாகவும் இருக்கலாம். அங்கேயும் அம்மம்மாவின் கேள்விதான்: கட்டி இங்கே, புண் எங்கே?