ஊசி முனையிலிருந்து ரிப்போர்ட் வரை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆஸ்பத்திரியிலும் இதே கணக்குதான். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் 2, 3 மில்லியை எடுத்துத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். அந்தப் பருக்கையைப் பழுதில்லாமல் எடுக்க நர்சிங் மாணவி கற்கிறார். எடுத்த பருக்கையை நசுக்கிப் பதம் சொல்ல லேப் டெக்னாலஜி மாணவர் கற்கிறார். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் இரண்டுமே பட்டப்படிப்புகள். பயிற்சிக்காலத்தையும் சேர்த்தால் இரண்டுக்கும் நான்கு ஆண்டு. அதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? ஒரு டியூப் ரத்தத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

முதலில் ஊசி. தோசை சுடப் பழகும்போது முதல் இரண்டு தோசை கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஊசி போடப் பழகும்போது அப்படி ஆகக் கூடாது. அதனால் பயிற்சிக்கூடத்தில் ரப்பர் தோலும் உள்ளே சிவப்பு நீரும் கொண்ட பொம்மைக் கை இருக்கும். பிழையெல்லாம் அங்கேயே நடந்து முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வார்டு.

வார்டில் ஊசி குத்துவதற்கு முன், கையின் மேற்பகுதியில் பட்டை கட்டுவார்கள். வாய்க்காலில் மடையை அடைத்தால் தண்ணீர் தேங்கி மேலெழும் அல்லவா? அதேபோல் முழங்கை மடிப்பில் ரத்தக்குழாய் புடைத்து எழும். ஆனால் மடையை அடைத்தே வைத்திருந்தால் தண்ணீர் கரைவழியே கசிந்துவிடும். ரத்தக்குழாயிலிருந்தும் நீர் கசிந்து, மிச்ச ரத்தம் கெட்டியாகும். அதனால் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

அடுத்தது டியூப். தட்டில் பல நிற மூடிகளோடு அடுக்கி வைத்திருப்பார்கள். இதுதான் ஆஸ்பத்திரியின் அஞ்சறைப்பெட்டி. பால் உறைவதற்கும் ரத்தம் உறைவதற்கும் தமிழில் ஒரே சொல். பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு மூடி டியூபில் ரத்தத்தை உறைய விடுவார்கள். கெட்டித் தயிரில் தெளிநீர் பிரிவதுபோல் மஞ்சளாக ஒரு நீர் பிரியும். அதற்குப் பெயர் சீரம். உப்பு, கொழுப்பு, கல்லீரல் சோதனைகள் அதில்தான். அணுக்களை எண்ண வேண்டுமென்றால் ரத்தம் உறையக் கூடாது. அதற்கு ஊதா மூடி. அதில் இருக்கும் இடிடிஏ என்ற உப்பு, ரத்தம் உறையத் தேவையான கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறைமோர் இல்லாமல் பால் எப்படித் தயிராகும்?

சாம்பல் மூடி சர்க்கரைக்கு. அரைத்த மாவை வெளியே வைத்தால் புளித்துக்கொண்டே போகும். ரத்த அணுக்களும் டியூபுக்குள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். நேரம் ஆக ஆக அளவு குறையும். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃபுளோரைடு அதைத் தடுக்கிறது.

இவற்றை நிரப்பவும் ஒரு வரிசை உண்டு: சிவப்பு முதலில், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். மிளகாய்த்தூள் எடுத்த கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் போட மாட்டோம் இல்லையா? ஊதா டியூபின் பொட்டாசியம் உப்பு ஒரு துளி சிவப்பு டியூபுக்குள் போனாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், கால்சியம் இறங்கிக் காட்டும். டியூபைக் குலுக்கவும் கூடாது; மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்க வேண்டும். மூட்டைத் தக்காளியைக் குலுக்கினால் நசுங்கிச் சாறு வருவதுபோல், சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் பொட்டாசியம் கொட்டும். வெளியே இருப்பதைவிட உள்ளே 20 மடங்குக்கும் மேல்!

இனி லேப். அரிசி கழுவிய தண்ணீரை அப்படியே வைத்தால் மாவு மெல்ல அடியில் தங்கும். சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழலும் இயந்திரம் அதே வேலையைப் பத்து நிமிடத்தில் முடிக்கும்: அணுக்கள் கீழே, சீரம் மேலே. அணுக்களைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், கண்ணாடித் துண்டில் ஒரு துளியை ரவா தோசைபோல் மெல்லிசாக இழுக்க வேண்டும். தடித்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவும் தெரியாது. பிறகு லீஷ்மன் சாயம். சாயம் ஏறியதும் வெள்ளணுக்களின் உட்கரு ஊதாவாகப் பளிச்சென்று தெரியும்.

ஆனால் லேப் மாணவரின் நாள் நோயாளியின் ரத்தத்தோடு தொடங்குவதில்லை. கடைக்காரர் வெறும் தட்டுகளைச் சமன் பார்த்துவிட்டுத்தான் சாமான் நிறுப்பார். அப்படியே, அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு மாதிரியை முதலில் இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். இயந்திரம் சரியாகச் சொன்னால் அடுத்த வேலை. இல்லையென்றால் அது சரியாகும்வரை ஒரு ரிப்போர்ட்கூட வெளியே போகக் கூடாது.

இவ்வளவும் சரியாக நடந்தும் எல்லாம் வீணாகலாம். பருக்கை அடுத்த வீட்டுப் பானையிலிருந்து வந்திருந்தால்? டியூபில் ஒட்டிய பெயர் மாறிவிட்டால் இயந்திரத்துக்கு அது தெரியாது. வேறொருவரின் ரத்தத்தைத் துல்லியமாக அளந்து சொல்லும். அதனால்தான் "நீங்கள் கண்ணம்மாவா?" என்று கேட்கக் கூடாது என்று கற்றுத் தருகிறார்கள். அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். "உங்க பேரைச் சொல்லுங்கம்மா" என்றுதான் கேட்க வேண்டும். பெயரையும் ஆஸ்பத்திரி எண்ணையும் சரிபார்த்து, படுக்கைப் பக்கத்திலேயே லேபிள் ஒட்ட வேண்டும்.

பிளஸ் டூ முடித்து இந்தப் படிப்புகளுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு மனிதரோடு பேசப் பிடிக்குமா, நுணுக்கிப் பார்க்கப் பிடிக்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எதை எடுத்தாலும் மற்றவர் வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பானையைத்தான் இருவரும் காக்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சிஸ்டர் இரண்டாவது தடவை பெயர் கேட்டால் சலித்துக்கொள்ளாமல், முழுப் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.