மே மாதத்தில் கிடைத்த குட்டித் தேனீக் கூட்டம்... மழையைத் தாண்டுமா? காப்பாற்றுவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தேன் சீசன் முடிந்து, கோடை மழை தலைகாட்டும் நேரம். காலையில் எழுந்து பார்த்தால் கொல்லைப்புற பலாமரக் கிளையில் தேங்காய் அளவுக்கு ஒரு தேனீக் கொத்து. "சும்மா கிடைக்கிற கூடு, விடலாமா?" என்று பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பிடித்தும் விடுகிறார்கள். ஆனால் இரண்டே வாரத்தில் பெட்டி காலி! தப்பு எங்கே நடக்கிறது?

மே மாதக் கூட்டத்துக்கு என்ன சிக்கல்?

மார்த்தாண்டம் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரைதான் முக்கியமான தேன் வரத்து. ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்கள் எடுப்பது அதைத்தான். இலை முற்றியதும் வரத்து நின்றுவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வெளியே பறப்பதே கஷ்டம்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கு. முட்டையிலிருந்து ஒரு வேலைக்காரத் தேனீ வெளியே வர சுமார் 3 வாரம் ஆகும். மே 15-ல் பிடித்த கூட்டத்தில், ராணி உடனே முட்டையிட்டால்கூட முதல் புதுத் தேனீ ஜூன் முதல் வாரத்தில்தான் வரும். அதுவரை இருக்கிற தேனீக்கள் தினமும் குறைந்துகொண்டே போகும். ராணி இன்னும் இணை சேராத இளம் ராணியாக இருந்தால், மேலும் ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். சின்னக் கூட்டங்களில் பெரும்பாலும் இருப்பது இந்த இளம் ராணிதான்.

பிடிக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எந்தத் தேனீ என்று தெரிய வேண்டும். பெட்டியில் வளர்வது பொந்தில் கூடு கட்டும் இந்தியத் தேனீ. உயரமான கட்டடத்திலோ மரத்திலோ பெரிய ஒற்றை அடை தொங்கினால் அது மலைத்தேனீ. கிட்டவே போகக் கூடாது, தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டும். புதரில் உள்ளங்கை அளவு ஒற்றை அடை கட்டுவது கொம்புத்தேனீ. அதைப் பெட்டியில் வைக்க முடியாது.

பிரிந்து வந்த கூட்டம் வயிறு நிறைய தேனோடு இருப்பதால் சாதாரணமாகக் கொட்டாது. ஆனாலும் முகவலை அவசியம். கொட்டினால் ஒவ்வாமை ஏற்படுபவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். சாயங்காலம், கொத்துக்குக் கீழே துணிப்பையைப் பிடித்து கிளையை ஒரு உலுக்கு உலுக்கினால் கூட்டம் உள்ளே விழும். ராணி பைக்குள் இருந்தால் வெளியே சிதறியவையும் தேடி வந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் என்ன செய்வது?

இந்தியத் தேனீக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் கூட்டத்தோடு கிளம்பிவிடும். நிறுத்தி வைக்க வழி இதுதான்:

• வேறு பெட்டியிலிருந்து புழு உள்ள ஓர் அடையை எடுத்து வைக்கலாம். புழுவை விட்டுவிட்டுப் போக தேனீக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பெட்டியில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் ஏராளமான பெட்டிகளைக் காலி செய்த சாக்புரூட் வைரஸ் நோயில், புழு தண்ணீர்ப் பை போலாகி தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும்.

• நியூட்டன் பெட்டியின் புழு அறையில் 7 சட்டம் இருக்கும். சின்னக் கூட்டத்துக்கு 2 அல்லது 3 போதும். மீதி இடத்தைத் தடுப்புப் பலகை வைத்து அடைக்க வேண்டும். ஆளில்லாத அடையில் மெழுகுப் பூச்சி புகுந்துவிடும்.

• 200 கிராம் சர்க்கரையை அதே அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, இருட்டிய பிறகு பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். மேலே குச்சிகள் மிதக்கவிட்டால் தேனீ மூழ்காது. பகலில் வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வரும்.

• பெட்டிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து எறும்பைத் தடுக்க வேண்டும். வாசலையும் விரல் நுழையும் அளவுக்குச் சுருக்கலாம்.

ராணி தடுப்பு வாயில் போடலாமா?

பலரும் சறுக்குவது இங்கேதான். ராணி ஓடிவிடக் கூடாது என்று வாயில் போட்டு வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இளம் ராணி வெளியே பறந்துதான் இணை சேர முடியும். அடைத்து வைத்தால் நல்ல முட்டை வராது, கூட்டமும் அழிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் வாயிலை எடுத்துவிடுவதே நல்லது.

தனியாக வைப்பதா, சேர்ப்பதா?

இரண்டு வாரம் கழித்து அடையைப் பார்க்க வேண்டும். அறைக்கு ஒரு முட்டை, அடியில் ஒட்டியபடி இருந்தால் ராணி வேலையைத் தொடங்கிவிட்டது. தேனீக்களும் 3 சட்டத்தை மூடி நின்றால் பாகு கொடுத்துத் தனியாகவே மழையைக் கடத்தலாம்.

மூன்றாவது வாரமும் முட்டை இல்லை, தேனீயும் கைப்பிடி அளவுதான் என்றால் பிடிவாதம் வேண்டாம். வலுவான கூட்டத்தோடு சேர்த்துவிடலாம். பெட்டியை தினமும் ஓர் அடி நகர்த்திப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பிறகு ஒரு மாலையில் சின்னக் கூட்டத்தின் ராணியை எடுத்துவிட்டு, வலுவான பெட்டியின் மேல் ஊசித் துளையிட்ட செய்தித்தாளை விரித்து, அதன் மேல் சின்னக் கூட்டத்தின் புழு அறையை வைக்க வேண்டும். தேனீக்கள் தாளைக் கடித்து வழி உண்டாக்குவதற்குள் வாசனை ஒன்றாகி, சண்டை இல்லாமல் சேர்ந்துவிடும்.

சேர்க்க வேறு பெட்டி இல்லையா? தேனீ வளர்க்கும் பக்கத்து விவசாயியிடம் கொடுத்துவிட்டு, அடுத்த சீசனில் அவர் கூடு பிரிக்கும்போது ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மழையில் காலியான பெட்டியைத் திறந்து பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.